நூறு மீட்டருக்கு எதற்கு ஐந்து கிலோமீட்டர்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோச் கிடையாது, உடற்கல்வி படித்தவனும் கிடையாது. பி.காம் மூன்றாம் வருடம். காலேஜ் 4×100 ரிலே அணியில் மூன்றாவது ஆளாக வளைவில் ஓடுகிறவன், அவ்வளவுதான். மெடல் கிடல் எல்லாம் கேட்காதீர்கள். ஆனால் மூன்று வருடமாக ஓட்டத்தைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன், ஒவ்வொரு நாளும் ஓடியதை நோட்டில் எழுதி வைக்கிறேன் (காமர்ஸ்காரன் புத்தி, கணக்கு எழுதாமல் இருக்க முடியாது). அந்தத் தைரியத்தில் ஒரு கருத்து. திட்டுகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

நம் ஊரில் குறுகிய தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் ஓடுவது ரொம்ப அதிகம். வேகமாக ஓடுவது ரொம்பக் குறைவு. இதுதான் என் கருத்து.

எந்த ஊர் மைதானத்துக்கு வேண்டுமானாலும் காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். இருட்டில் நாற்பது ஐம்பது பேர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் போலீஸ் தேர்வுக்கு, சிலர் ராணுவத்துக்கு, மிச்சம் சர்க்கரை வியாதிக்கு. போலீஸுக்கு ஓடுகிற தம்பியைப் பிடித்து "என்னப்பா பிராக்டிஸ்?" என்று கேளுங்கள். "டெய்லி பன்னெண்டு ரவுண்டுண்ணா, அப்புறம் கடைசியா ரெண்டு நூறு மீட்டர் அடிப்பேன்" என்பான். பன்னிரண்டு ரவுண்டு முடித்து நாக்கு வெளியே தள்ளிய பிறகு அடிக்கிற அந்த இரண்டு நூறு மீட்டர்தான் அவனுடைய வேகப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் நேரம் அதேதான் இருக்கும். "எனக்கு அவ்வளவுதான் வரும்ணா" என்று ஒரு முடிவுக்கும் வந்திருப்பான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவனுக்கு அவ்வளவுதான் வரும் என்பதை யாரும் சோதித்தே பார்க்கவில்லையே.

என் வகுப்பிலேயே பதினோரு பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். டிகிரி முடித்ததும் வங்கித் தேர்வு, குரூப் 4, காவலர் தேர்வு என்று மூன்று கடையிலும் விண்ணப்பம் போடுகிற கூட்டம்தான் நாங்கள். அதனால் இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2020ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு முதலில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்குப் பின்னால் கயிறு ஏறுதல், தாண்டுதல், ஓட்டம். ஓட்டத்தில் 100 மீட்டர் அல்லது 400 மீட்டர், எது வேண்டுமோ அது. 100 மீட்டரை 15 விநாடியில் முடித்தால் ஒரு ஸ்டார், 13.5 விநாடியில் முடித்தால் இரண்டு ஸ்டார். 400 மீட்டர் என்றால் 80 விநாடிக்கு ஒன்று, 70 விநாடிக்கு இரண்டு. பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடிவிட்டு, பிறகு 100 மீட்டரில் 17.5க்கு ஒன்று, 15.5க்கு இரண்டு. (புது அறிவிப்பு வந்தால் அதைப் படித்துக்கொள்ளுங்கள், என்னை நம்பி இறங்க வேண்டாம்.)

15க்கும் 13.5க்கும் நடுவே என்ன பெரிய வித்தியாசம், ஒன்றரை விநாடிதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 விநாடி என்றால் சராசரியாக மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம். 13.5 என்றால் கிட்டத்தட்ட 26.7. இருவரையும் ஒன்றாக ஓடவிட்டால், முதல் ஆள் கோட்டைத் தொடும்போது இரண்டாவது ஆள் ஏறக்குறைய பத்து மீட்டர் பின்னால் இருப்பான். பத்து மீட்டர் என்பது ஒரு டவுன் பஸ் நீளம்! வேர்த்து விறுவிறுத்து சுற்றிச் சுற்றி வந்து ஒரு பஸ் நீளத்தைக் கடந்துவிட முடியாது. அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு ரவுண்டு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1500 மீட்டரில் வெளியே போய்விட்டால் மற்ற எதுவுமே இல்லை, அந்தப் பயம். நியாயமான பயம்தான். ஆனால் 7 நிமிடத்தில் 1500 என்றால் ஒரு ரவுண்டுக்கு 112 விநாடி. சீராக ஓடிப் பழகிய ஒருவனுக்குச் சில வாரங்களில் வந்துவிடக்கூடிய வேகம். 6 நிமிடம் 20 விநாடியில் நிதானமாக முடிக்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதற்குப் பிறகு 6 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அது தகுதிச் சுற்று, அவ்வளவுதான். பிளஸ் ஒன்னில் உருப்போட்ட குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி ஞாபகம் இருக்கிறதா? முதல் தோசைக்கும் ஏழாவது தோசைக்கும் உள்ள வித்தியாசம். ஏழாவது தோசையைத்தான் தினமும் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவும் அடுத்த தட்டில் இருக்கிற இரண்டு ஸ்டாரை விட்டுவிட்டு.

சரி, ஏன் நிறைய ஓடினால் வேகம் வராது?

உடம்பு ஒரு சோம்பேறி குமாஸ்தா மாதிரி. எந்த வேலையை அடிக்கடி கொடுக்கிறோமோ அதில் மட்டும்தான் தேறும். மெதுவாக நிறைய ஓடினால் மெதுவாக நிறைய ஓடுவதில் தேறும். 100 மீட்டருக்கு வேண்டியது முற்றிலும் வேறு. தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற பாஸ்போகிரியாட்டின் என்கிற சரக்குதான் முதல் சில விநாடிகளின் முழு வேகத்துக்குப் பெரும்பங்கு எரிபொருள். ஒரு முழு வேக ஓட்டத்தில் அது சட்டென்று இறங்கிவிடும். அரை நிமிடத்தில் பாதியளவு திரும்பி வரும். கிட்டத்தட்ட முழுசாக வர மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த ஓட்டம் ஓடினால், பழைய சரக்கில்லாமல் கடை நடத்துவது மாதிரி. ஓடத்தான் செய்வீர்கள், ஆனால் வேகம் இருக்காது. வேகமில்லாத ஓட்டத்தைப் பத்துத் தடவை ஓடினால் உடம்பு வேகமில்லாமல் ஓடத்தான் கற்றுக்கொள்ளும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் மத்தியில் ஒரு தோராய விதி உண்டு: முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் 3 நிமிடம், 60 ஓடினால் 6 நிமிடம். இதை எங்கள் மைதானத்தில் செய்து பாருங்கள், என்ன நடக்கும் தெரியுமா? "என்னடா ஓட வந்தியா, ஒக்காந்து கதை பேச வந்தியா?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்பார். நம் ஆட்களுக்கு வியர்வைதான் உழைப்பின் ரசீது. வியர்க்கவில்லை என்றால் ஏமாற்றுகிறான். ஆறு நிமிடம் சும்மா நடந்துகொண்டிருப்பவன் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்த இடத்தில் சார்லி பிரான்சிஸ் என்கிற கனடாக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, ஊக்கமருந்தில் மாட்டிப் பதக்கத்தை இழந்த பென் ஜான்சனின் பயிற்சியாளர் இவர். மருந்து கொடுத்ததை 1989இல் அரசு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த வகையில் அவர் கதையில் கும்பிட எதுவும் இல்லை. ஆனால் பயிற்சியை அவர் பிரித்த விதம் மருந்தோடு சேர்ந்து செத்துவிடவில்லை. ஒன்று, 95 சதவீதத்துக்கு மேல் ஓடு. இல்லையென்றால் 75 சதவீதத்துக்குக் கீழே ஓடு. நடுவில் நிற்காதே. நடுவில் இருக்கிற 80, 85 சதவீத ஓட்டம் வேகம் வரும் அளவுக்கு வேகமும் இல்லை, அடுத்த நாளுக்குள் உடம்பு தேறும் அளவுக்கு லேசும் இல்லை. ஒரு கடினமான நாளுக்கும் அடுத்த கடினமான நாளுக்கும் இடையே 48 மணி நேரமாவது விடு. நம் மைதானத்தில் தினமும் நடப்பது என்ன? அந்த நடுவாந்திர ஓட்டம்தான். தினமும் அரைகுறைக் கஷ்டம்!

இன்னொரு பழைய நம்பிக்கை, "காலை வேகமா மாத்துடா" என்பது. 2000ஆம் ஆண்டில் பீட்டர் வேயண்ட் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். வேகமானவர்களையும் மெதுவானவர்களையும் ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். உச்ச வேகத்தில் ஓடும்போது காலைக் காற்றில் முன்னால் கொண்டுவர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தரையில். வேகமானவர்கள் தரையை அதிக விசையோடு, குறைந்த நேரத்தில் உதைக்கிறார்கள். ஆக, கால் வேகமாக மாறுவது காரணம் அல்ல, விளைவு. கால் பலம் வேண்டும், அந்தப் பலத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் செலவழிக்கவும் தெரிய வேண்டும். "பெரிய பெரிய எட்டா வை" என்பதும் இதே ஜாதி ஆலோசனைதான். உடம்புக்கு முன்னால் காலை நீட்டி வைத்தால் ஒவ்வொரு எட்டும் ஒரு பிரேக். கால் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். 12 வாரம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, பல இடங்களில் படித்ததை எங்கள் மைதானத்துக்கும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் ஏற்றபடி வெட்டி ஒட்டியது. முதல் ஆண்டுத் தம்பிகள் நான்கு பேரோடு இதைத்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாள் ஓட்டம் இல்லை, அளவு மட்டும். நின்ற இடத்திலிருந்து 30 மீட்டர். பிறகு 20 மீட்டர் ஓடி வேகம் பிடித்து வந்து அடுத்த 30 மீட்டர், அந்த 30ஐ மட்டும் அளக்க வேண்டும். கடைசியாக ஒரு முழு 100. மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். முதல் அளவு கிளம்புகிற திறனைச் சொல்லும், இரண்டாவது உச்ச வேகத்தை, மூன்றாவதிலிருந்து முதல் இரண்டையும் கழித்துப் பார்த்தால் கடைசியில் எவ்வளவு விழுகிறீர்கள் என்று தோராயமாகத் தெரியும். ஐந்தொகை பார்க்காமல் ஒரு கம்பெனிக்கு எது நோய் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துகிறவர் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அழுத்துவார், முடிவதை எதிர்பார்த்து அழுத்துவார். அதனால் கைக்கடிகார நேரம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். தடகளத்தில் 100 மீட்டர் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். நண்பன் அழுத்தி "13.4டா மச்சி!" என்றால் உடனே பரோட்டா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஆளை அழுத்தச் சொல்லுங்கள், 0.1 முன்னேற்றத்தை முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு பங்கு விநாடியில், 55.42க்கு 55.41. நம் கட்டைவிரலுக்கு அந்த நுணுக்கமெல்லாம் கிடையாது.

முதல் நான்கு வாரம் பலத்துக்கும் கிளம்புவதற்கும். திங்களும் வியாழனும் கடினமான நாள். நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு ஏரிக்கரை மாதிரி லேசான ஏற்றத்தில் 20, 30 மீட்டர் முழு வேகத்தில் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடந்து இறங்கி மூன்று நிமிடம் ஓய்வு. (மேம்பாலம் வேண்டாம், லாரிக்காரர் உங்கள் நேரத்தைப் பார்க்க மாட்டார்.) ஏற்றத்தில் ஓடினால் எட்டு தானாகவே சின்னதாகும், உடம்பு முன்னால் சாயும், உச்ச வேகம் குறைவாக இருப்பதால் தொடையும் தப்பிக்கும். ஓட்டம் முடிந்த பிறகு அதே நாளில் பலப் பயிற்சி: பஸ்கி, ஒற்றைக்காலில் படி ஏறுவது, கெண்டைக்காலுக்குக் குதிகால் தூக்குவது. ஜிம் இருந்தால் பாரம் வையுங்கள், இல்லையென்றால் புத்தகப் பையில் மணல். ஆனால் அந்த மணலைக் காலில் கட்டிக்கொண்டு ஓடாதீர்கள்! அது ஓட்டத்தின் அமைப்பையே மாற்றிவிடும். டயர் இழுப்பது வேறு, லேசான டயர் என்றால் கிளம்புவதற்கு நல்லது.

செவ்வாயும் சனியும் புல் தரையில் 100 மீட்டரை 70 சதவீத வேகத்தில் எட்டுத் தடவை, நடுவில் நடை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். போலீஸுக்கு ஓடுகிறவர்கள் இதற்குப் பதிலாக அந்த 1500ஐ இங்கே வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஞாயிறு சும்மா இருங்கள். நிஜமாகவே சும்மா. "சும்மா கிரிக்கெட் ஆடினேன்" என்பது சும்மா இல்லை.

ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை உச்ச வேகம். இதுதான் திட்டத்தின் இதயம், எல்லோரும் தாவிப் போகிற பகுதியும் இதுதான். 20, 30 மீட்டர் ஓடி வேகம் பிடித்து, அடுத்த 20 மீட்டரை உங்களால் முடிந்த உச்சத்தில். நான்கு தடவை, அதிகபட்சம் ஐந்து. நடுவில் ஐந்து நிமிடம். நேரம் விழ ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், மூன்றாவது தடவையாக இருந்தாலும். ஒரு நாளில் முழு வேகத்தில் ஓடியதைக் கூட்டினால் 250 மீட்டர்கூட வராது. "இதுக்கா அஞ்சு மணிக்கு எழுந்தோம்?" என்று எங்கள் தம்பி ஒருவன் கேட்டான். ஆமாம், இதற்குத்தான்.

ஒன்பதிலிருந்து பதினோராவது வாரம் வேகத்தைத் தாங்குவதற்கு. வாரத்தில் ஒரு நாள் 120 மீட்டர் மூன்று தடவை, நடுவில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இன்னொரு நாள் பழைய உச்ச வேகம், விட்டுவிடக் கூடாது. கடைசி மீட்டர்களில் வேகம் கூடுவதாக நமக்குத் தோன்றுவது மாயை. 2009இல் பெர்லினில் போல்ட் 9.58 ஓடியபோதுகூட 60க்கும் 80க்கும் இடையில்தான் உச்சம், மணிக்கு சுமார் 44.7 கிலோமீட்டர். கடைசி 20 மீட்டரில் அவரும் குறைந்துதான் போனார். குறையாமல் ஓட முடியாது, குறைவதைக் குறைக்க முடியும். அதற்குப் பல்லைக் கடிக்காமல், தோளை ஏற்றாமல் ஓடிப் பழக வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் அளவைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓய்வு. தேர்வுக்கு முந்தைய நாள் பயத்தில் போய்ப் பத்து ரவுண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிப்பதுகூட ஓரளவு பயன் தரும், இது அதுவும் தராது.

காயத்தைப் பற்றி ஒரு பாரா தனியாக எழுதியே ஆக வேண்டும். வேக ஓட்டக்காரர்களை அதிகம் பிடிப்பது பின்தொடைத் தசை. சீனியர் ஒருவர் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, உடல் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வருடம் போச்சு. அவர் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி, தினமும் முழு வேகத்தில் பத்து நூறு மீட்டர், பெல் அடித்தால் அடுத்தது. ஃபீஸ் வாங்கியதற்குக் கஷ்டப்படுத்திக் காட்ட வேண்டுமே! முழங்காலில் மண்டியிட்டு, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்கிற ஒரு பயிற்சி இருக்கிறது. நார்டிக் என்பார்கள். கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இதைச் செய்தவர்களுக்குப் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு பைசா செலவில்லை. மடித்த துண்டு ஒன்று, நம்பிக்கையான நண்பன் ஒருவன். வாரத்துக்கு இரண்டு நாள் நான்கைந்து தடவையில் ஆரம்பியுங்கள், முதல் வாரம் படி இறங்க முடியாது, பரவாயில்லை.

தூக்கம். ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு மைதானம் என்றால் பேசாமல் தூங்கிவிடலாம். 2011இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகம் தூங்கவைத்தார்கள். அவர்கள் வழக்கமாக ஓடுகிற ஓட்டத்தின் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5க்கு இறங்கியது. சின்ன ஆய்வு, ஒப்பிட இன்னொரு குழுவும் கிடையாது, அதனால் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் தூங்க யாரும் ஃபீஸ் கேட்பதில்லையே.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்து நின்றார். தனியாக ஓடினார். சிரிக்கலாம். ஆனால் ஓடிப்போன மற்றவர்களும் நம் வயசுக்காரர்கள்தான், வேலை ஒதுக்கீட்டுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்தவர்கள் அதில் எத்தனை பேரோ.

"இதெல்லாம் பிறவியிலேயே வரணும்பா" என்பவர்களுக்கு: பாதி சரி. போல்ட் 15 வயசில் 2002 உலக ஜூனியர் 200 மீட்டரை ஜெயித்தவர். நாம் பன்னிரண்டு வாரம் இல்லை, பன்னிரண்டு ஜென்மம் ஓடினாலும் அது நடக்காது. 15.4 ஓடுகிற உங்களை மூன்று மாதத்தில் 13.5க்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள். ஆனால் 15.4ஐ 15க்குக் கீழே கொண்டுவருவதும், 14ஐ 13.5 பக்கம் தள்ளுவதும் வேறு விஷயம். ஒழுங்காகப் பயிற்சியே செய்யாத ஒருவரிடம் அந்த அளவு சரக்கு பெரும்பாலும் எடுக்கப்படாமல் இருக்கிறது. எங்கள் நான்கு தம்பிகளில் மூன்று பேருக்கு எட்டு வாரத்தில் அரை விநாடிக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறது. நான்காமவனுக்கு 0.2தான். அவனை 400க்கு மாற்றிவிட்டோம். 70 விநாடி என்பது ஒரு நூறுக்கு 17.5, தம் பிடித்து ஓடுகிற ஆளுக்கு 13.5ஐவிட அதுவே பக்கம். பன்னிரண்டு ரவுண்டு பழக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர் 100ஐக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பதில் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மேலே சொன்னதெல்லாம் மைதானம் கிடைக்கிற பையன்களுக்கான திட்டம். எங்கள் வகுப்பில் தயாராகிற பதினோரு பேரில் நான்கு பேர் பெண்கள். பையன்கள் ஹாஸ்டல் கேட் ஐந்து மணிக்குத் திறக்கிறது. பெண்கள் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு. ஒன்பது மணிக்கு வகுப்பு, ஏழு மணிக்கு மைதானம் கிரிக்கெட்காரர்கள் கையில். அந்த நான்கு பேரும் மொட்டை மாடியில் முன்னும் பின்னுமாக 25 மீட்டர் ஓடித் திரும்புகிறார்கள், சிமெண்ட் தரையில், சாதா ஷூவில். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் அடித்து ஓடுகிறவர்களுக்கு உச்ச வேகம் எங்கிருந்து வரும்? முழங்கால் வலிதான் வரும், ஒருத்திக்கு வந்தும்விட்டது. பாதுகாப்பு என்கிறார்கள். மைதானம் காம்பவுண்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது, வாட்ச்மேனும் இருக்கிறார். போன மாதம் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். வாரத்துக்கு மூன்றே நாள், ஐந்தரை மணிக்குக் கேட் திறந்தால் போதும், முழு வேக நாள் இரண்டு, மெது ஓட்டம் ஒன்று என்று திட்டத்தையே இணைத்துக் கொடுத்தோம். ஆறு மணிக்கு வேண்டுமானால் யோசிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஆறுக்குத் திறந்தால் உடம்பைச் சூடாக்க இருபது நிமிடம், நான்கு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். ஏழுக்குள் முடித்துவிடலாம், நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் போய் ஆறுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்.